வாசித்ததும் கிழியும்

மாங்குளத்தில் ஏழு பத்துக்கு வெளிக்கிட்டோம்.
மடியில் நீலப் பெட்டி, உள்ளே ஐஸ்,
ஐஸுக்கு நடுவே சுண்டுவிரல் உயரப் புட்டிகள்.
ஒட்டுசுட்டான் வீதியில் யானை.
நிமலதாசன் எஞ்சினை நிற்பாட்டினான்.
அது பாலைக் கொப்பை முறித்து ஆறுதலாய்த் தின்றது,
எங்களுக்கு நேரம் கிடப்பதுபோல.

பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
உள்ளே இருப்பது மருந்துகூட இல்லை,
ஒரு துண்டு.
நாலே எழுத்தில் எழுதிக் கொழுப்பில் பொதிந்த துண்டு.
சூடு பட்டால் எழுத்து உதிரும்.

முத்தையன்கட்டுப் பள்ளிக்கூடத்தில்
வரிசை படலையைத் தாண்டியிருந்தது.
"மிஸ்ஸி, இது எங்கட பரம்பரையையே மாத்திப்போடுமாம், உண்மையோ?"
யோகமலர். கையில் ஜப்பான் மீன் வாடை.
சட்டைக் கையை இன்னும் சுருட்டவில்லை.

சொன்னேன்:
மூலப் பத்திரம் கலத்தின் உள்ளறையில் இருக்கும்,
அது வெளியே வராது.
வேண்டிய பந்தியை மட்டும் பிரதி எடுத்து
துவாரத்தால் வெளியே விடும்.
வெளியே ஒருத்தன் மூன்று மூன்று எழுத்தாய் வாசிப்பான்,
மூன்றுக்கொரு மணி கோர்ப்பான்,
கோர்த்து மடித்தால் புரதம்.
நான் கொண்டுவந்ததும் அப்படியொரு பிரதி.
உள்ளறைப் பக்கமே போகாது.

கரும்பலகையில் எழுதியும் காட்டினேன்:
குளம்வயல்மரம்.
ஓர் எழுத்துத் தள்ளித் தொடங்கினால்
ளம்வ, யல்ம...
பின்னால் நின்ற பொடியன் சத்தமாய்ச் சிரித்தான்.
உடம்பும் அப்படித்தான் உளறும், தம்பி,
தொடங்கும் இடம் பிழைத்தால்.

"வாசிச்ச பிறகு?"
கிழிபடும், என்றேன். கொஞ்ச நாளில் துண்டே இருக்காது.

யோகமலர் பேசாமல் நின்றாள்.
பிறகு, தன்பாட்டில்:

"நானும் துண்டு கொண்டோடினனான்.
பத்தொன்பது வயசு.
ஒரு தறப்பாள் ஆஸ்பத்திரியில இருந்து மற்றதுக்கு.
ஓ நெகட்டிவ், ரெண்டு பை, கெதியா.
வாசிப்பினம், பஞ்சுக் குப்பைக்குள்ள எறிவினம்.
ஆருக்கெண்டு நான் கேட்டதில்லை.
ஒருத்தன் விசுவமடுவில உழவு மிசின் வச்சிருக்கிறானாம்."

சட்டைக் கையைச் சுருட்டினாள்.
ஊசி. பஞ்சு.
அந்த வாங்கில கொஞ்ச நேரம் இருங்கோ.

மத்தியானம் தாண்டிவிட்டது.
கடைசிப் புட்டியில் இரண்டு பேருக்கு மிச்சம்,
திறந்து ஐந்து மணித்தியாலம்.
நிமலதாசன் குளக்கட்டில் நடக்கிறான்,
வலை உதறும் ஆட்களைப் பார்த்து
இரண்டு விரலைத் தூக்கிக் காட்டியபடி.