ஷோவா ஐம்பத்து மூன்று

கல்முனையில், குஷன் கடையின் பின்பக்கம்,
ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்திறங்கும் வான்களின்
இருக்கைகளை உரிப்பது நான்தான்.
உரித்தால் வருபவை:
தலைமயிர், பிஸ்கட் தூள்,
ஏதோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் சொக்ஸ்.
பிறகு, இருக்கை நகரும் தண்டவாளத்தில்
எண்ணெய்ச் சேற்றோடு ஒட்டிக்கொண்டு
காசு.

முதல் இரண்டு வருசம்
கிடைத்ததையெல்லாம் இல்முடீனிடம் கொடுத்தேன்.
நடுவில் துளைவிட்ட மஞ்சள் காசென்றால்
அவனுக்கு உயிர்.
"வாஷர் வாங்கிற காசு மிச்சம், யோகமலரக்கா" என்பான்.
நம்பர் பிளேட்டில், மட்கார்டில்
ஆணியை அதற்குள் நுழைத்து
முறுக்கிவிடுவான்.

மாரி மழை. கரண்ட் இல்லை.
தையல் மெசின் பாதிச் சீட்டோடு நின்றுவிட்டது.
சும்மா ஒரு துளைக்காசை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.

கதிர்.
மணி முற்றித் தலைகுனிந்த நெற்கதிர்.
கீழே கோடு கோடாய்த் தண்ணீர்.
துளையைச் சுற்றிச் சக்கரப் பல்லு.
சம்மாந்துறை வட்டையை யாரோ
ஒரு சதத்துக்குள் மடித்து வைத்த மாதிரி.
எண் மட்டும் எங்குமில்லை.
ஐந்து என்பதையும் எழுத்தில்தான் எழுதியிருந்தார்கள்,
தெரிந்தவன் தெரிந்துகொள் என்று.

தெரிந்துகொண்டேன்,
போன் வெளிச்சத்தில், பிழை பிழையாய்.
அங்கே ஆண்டுக்கு அரசனின் கணக்கு.
ஷோவா என்றால் இரண்டு எழுத்து.
இரண்டாவதில் ஒரு பயிர் நிற்கும்,
பக்கத்தில் ஒரு திறந்த வாய்.
பயிரும் வாயும் சேர்ந்தால் இணக்கமாம்.
அதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.
ஒரு கோடு ஒன்று, மூன்று கோடு மூன்று,
பத்து கூட்டல் குறி,
நாலு திரை கட்டிய ஜன்னல்.
வருகிற எண்ணோடு இருபத்தைந்தைக் கூட்டு,
முன்னால் பத்தொன்பது போடு.

விளிம்பில் பல்லு வெட்டிய பத்து யென்
பழசு. நகத்தை ஓட்டினால் கர்ரென்னும்.
ஒன்று கிடைத்த சந்தோசத்தில்
புளியும் சாம்பலும் போட்டு விளக்கினேன்.
பளபளவென்று வந்தது.
சேர்ப்பவர்கள் கழுவவே கூடாதாம்.
ஐம்பத்தெட்டிலிருந்து அது சேர்த்து வைத்த நிறத்தை
அரை மணித்தியாலத்தில்
கானுக்குள் ஊற்றிவிட்டிருந்தேன்.

எங்கட ஆட்களிடம் வருசம் கேட்டுப் பாருங்கள்,
எண் சொல்ல மாட்டார்கள்.
சூறாவளிக்கு முந்தி. தொண்ணூறுக்குப் பிறகு.
கடல் வந்து மூன்றாம் வருசம்.
எங்களை ஆண்டவையும் அவைதான்.

மிஞ்சிய றெக்சினில் ஒரு கொப்பி தைத்து
பிளாஸ்டிக் பைகள் வைத்தேன்.
ஹெய்செய் இரண்டு: தொண்ணூறு.
அந்தக் காசில் ஒரு கீறல்கூட இல்லை.
அந்த வருசம் யாரோ அதை
ஒரு முட்டாய்க்குக் கொடுத்து மிச்சம் வாங்கியிருப்பார்கள்.
ஹெய்செய் பதினாறு: கடல்.
ஒரு யென், அலுமினியம்.
கை நடுங்காமல் வைத்தால் தண்ணீரில் மிதக்குமாம்.
நான் வைத்துப் பார்க்கவில்லை.

சூறாவளிப் பை வெறும் பை.
நான் பிறந்து ஐந்தாம் நாள் கூரை பறந்த வருசம்.
ஐந்து, பத்து, மூன்று.
இருநூறு இருக்கை உரித்தும் வரவில்லை.

"அப்ப நீங்க தந்ததுக்குள்ள போயிருக்கும்"
என்று சிரித்தான் இல்முடீன்.
"எந்த வான்?"
"ஆருக்குத் தெரியும். மருதமுனை, அக்கரைப்பற்று,
பொத்துவில் மட்டும் ஓடுது."

இப்போது தெருவில் போனால்
என் கண் முழங்காலளவு உயரத்தில் போகிறது.
நம்பர் குறிக்கிற பொம்பிளை என்று
பஸ் ஸ்டாண்டில் இரண்டொருவர்
என்னைக் கண்டு விலகுகிறார்கள்.

நேற்று தரவைப் பிள்ளையார் கோயிலடியில்
ஒரு வெள்ளை வான்.
பிளேட்டின் இடப்பக்க ஆணியைச் சுற்றி
மஞ்சளாய் ஒரு வளையம்.
குந்தியிருந்து
முந்தானையால் சேற்றைத் துடைத்தேன்.
ஐந்து.
பத்து.
அதற்கடுத்ததில் பாதியை
ஆணித்தலை மூடிக்கொண்டிருந்தது.
ஒரு கோடு தெரிந்தது. இரண்டோ.

"என்னக்கா தேடுறீங்க?"
டிரைவர் பொடியன், கையில் ரொட்டி.

எழுந்து சேலையைத் தட்டிவிட்டுச் சொன்னேன்:
"ஆணி லூசாக் கிடக்கு தம்பி.
கடைக்குக் கொண்டு வாங்க.
புது வாஷர் நான் தாறன்."