முப்பத்தொன்றாம் தேதி

கானாடுகாத்தான் பங்களா ஹோட்டலில்
சரக்கறைச் சாவி என் இடுப்பில்.
அங்கே ஒரு பேரேடு, நீளமானது, ஐந்து பத்தி:
வந்தது, போனது, இருப்பு,
வீணானது, காரணம்.
கடைசியில் மேலாளர் கையெழுத்து.

கல்பாசி இருநூறு கிராம், பூசணம் பிடித்தது.
முட்டை பதினொன்று, கைதவறியது.
தேங்காய்ப்பால் ஒரு குண்டான், வெள்ளைக்காரர்கள் வரவில்லை.
எழுதிக் கொடுப்பேன்.
பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

பள்ளத்தூரில் என் வீட்டுக்கும் ஒரு நோட்டு உண்டு.
காளீஸ்வரி ஐந்தாம் வகுப்பில்
எழுதி மிச்சம் விட்டதன் பின்பக்கம்.
மளிகைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு.
மூன்றே பத்திதான்.
வீணாவதற்கு நான் இடம் விடவில்லை.

அரிசி புதுவயல் ஆலையில்,
வரிக்குத் தப்பிப் பிறந்த இருபத்தாறு கிலோ மூட்டை.
துவரம்பருப்பு ரேஷனில் வந்தால் ஒரு கணக்கு,
"அடுத்த வாரம் வாங்கக்கா" என்றால் வேறு கணக்கு.
எண்ணெய் மூன்று லிட்டர்.
அதில் அரை லிட்டரை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்து
இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.
இருபதாம் தேதிக்கு மேல்
யாரோ கொடுத்ததுபோல அது கிடைக்கும்.

சோம்பு நூறு, மிளகு ஐம்பது,
மராட்டி மொக்கு மூன்று. எண்ணித்தான்.
சேகுனா கடைத் தராசு அதற்கெல்லாம் அசையாது,
உள்ளங்கையில் உருட்டித் தருவார்.
காலையில் அதே மொக்கைக்
கைப்பிடியாய் ஹோட்டல் அடுப்புக்கு அள்ளிக் கொடுத்தவள்தான்,
விரலை முகர்ந்துகொண்டே பஸ்ஸில் வருவேன்.

கறி மாதத்தில் இரண்டு ஞாயிறு.
மற்ற ஞாயிறுகளில் மசாலா அதே, உள்ளே உருளைக்கிழங்கு.
வெள்ளைக்கண்ணு எலும்பைத் தேடுகிறவர்போல
கரண்டியால் சட்டியைத் துழாவுவார்.
காய்கறி காரைக்குடி திங்கள் சந்தையில்,
இருட்டின பிறகு,
கத்தரிக்காய்க்காரி சாக்கை உதறுகிற நேரம் பார்த்து.

இதெல்லாம் முப்பது நாளைக்கு.
முப்பதுக்குச் சரியாக வரும். வந்திருக்கிறது.
ஆனால் வருஷத்தில் ஏழு மாதத்துக்கு
வாலில் ஒரு நாள் முளைக்கிறதே.
சம்பளத்தில் அந்த நாள் கிடையாது,
பசியில் உண்டு.
பிப்ரவரியில்தான் இரண்டு நாள் மிஞ்சும்.
அந்த மாதம் மட்டும் நாங்கள் வசதியானவர்கள்,
நெய் வாங்குவோம், ஐம்பது மில்லி.

போன மாதக் கடைசி. ஞாயிறு. முப்பத்தொன்று.
டப்பாவில் நாற்பத்து மூன்று ரூபாய்.
பாலுக்கு இருபத்திரண்டு போனது.
பாலை அடுப்பில் வைத்துவிட்டு,
மீதி இருபத்தொன்றுக்கு
வெங்காயமா தக்காளியா என்று நின்றேன்.
லோடு ஆட்டோவைக் கழுவிவிட்டு வந்த வெள்ளைக்கண்ணு
காலண்டரை முறைத்தார்.
"இந்த முப்பத்தொண்ணைக் கண்டுபிடிச்சவன்
கட்டாயம் மளிகைக்கடை வச்சிருந்திருப்பான்."

சொன்ன விதமா,
ஈரத்துணி அவர் தோளில் கிடந்த விதமா, தெரியாது.
சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.
மூக்கில் நீர் வந்தது.
"அம்மா, பாலு!" என்று காளீஸ்வரிதான் கத்தினாள்.

அடுப்பு, மேடை, என் கால்விரல் வரைக்கும் பால்.
வேறு நாளாக இருந்தால்
வீடு இரண்டாகியிருக்கும்.
அன்று துணி எடுத்துத் துடைத்தேன், அவ்வளவுதான்.

ராத்திரி நோட்டைத் திறந்தால்
ஸ்கேல் வைத்து, நீலப் பேனாவில்
புதிதாக இரண்டு பத்தி.
லீவு நாளில் என்னோடு ஹோட்டலுக்கு வரும்போதெல்லாம்
பார்த்து வைத்திருக்கிறாள்.

வீணானது: பால், கால் லிட்டர்.
காரணம்: அம்மா சிரித்தது.

கீழே ஒரு கோடு, மேலாளர் கையெழுத்து.
இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான்
போட்டேன்.