பொந்தடைத்த மரம்

பெர்கனில் மழை நிற்பதில்லை,
இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான்.
இன்று ஹால்டிஸ் வீட்டுப் பீச் மரத்தின் மேல்.

கயிறு வீசுமுன்
ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே அடிமரத்தைச் சுற்றுகிறேன்.
தெற்கில் நல்ல மரச் சத்தம்.
கிழக்கில் கொஞ்சம் கூடு.
வடக்கே வந்ததும் திடீரென்று கெட்டி,
எந்த மரத்துக்கும் இருக்கக்கூடாத கெட்டி.

"தூர்லைஃப் அடைத்த சிமென்ட்"
என்கிறாள் ஹால்டிஸ், மழைக்கோட்டுக்குள்ளிருந்து.
எழுபத்து நாலில்.
அப்போது எல்லோரும் அப்படித்தான்:
சொத்தைப் பல்லுக்கு அடைப்பதுபோல் மரத்துக்கும்.
காற்றடித்தால் மரம் அசையும், சிமென்ட் அசையாது.
நடுவே ஒரு நூல் இடைவெளி.
அந்த நூலைப் பிடித்துக்கொண்டு
ஐம்பது வருட மழை உள்ளே இறங்கியிருக்கிறது.

அவள் கையில் கம்பி பிரஷ்.
பாசியைச் சுரண்டிவிடட்டுமா?
வேண்டாம். பாசி மரத்தைத் தின்பதில்லை.
பட்டைமேல் வழிவதைக் குடிக்கிறது,
பட்டையிலேயே குடியிருக்கிறது.
நீங்கள் பயப்பட வேண்டியது அதோ,
வேர்மேட்டில் குதிரைக் குளம்பு போல ஒட்டியிருக்கிறதே
அந்தக் காளானுக்கு.
அதற்கும் இன்றைக்கே பயப்பட வேண்டாம்.

மேல்வீட்டு எஸ்கில் டேப்போடு வருகிறார்.
அவருடைய மொட்டைமாடியில் விழும் நிழல்
பதினோரு மீட்டர் நாற்பது.
வெட்டச் சொல்லவில்லையாம்,
அளந்து வைத்திருக்கிறாராம்.
அவர் கார் நிற்பது வேர்களின் மேல்.
நாலு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள் என்கிறேன்.
இந்த மரத்துக்கு என்னிடம் உள்ள மருந்துகளில்
மலிவானது அதுதான்.
அவர் டேப் தானாகச் சுருண்டு உள்ளே போகிறது.

ஏறுகிறேன்.
உச்சியில் பட்டுப்போன இரண்டு கிளைகள்.
பாரம் குறைய, ஓரங்களில் கொஞ்சம்.
கிளை பிறக்கும் இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும்,
சட்டைக் காலர் மாதிரி.
அதைத் தொடாமல் அறுக்க வேண்டும்.
அங்கிருந்துதான் மரம் தன்னை மூடிக்கொள்ளும்.
தார் பூச மாட்டீர்களா என்று கீழிருந்து குரல்.
மாட்டேன்.
மூடிய காயம் என்ன செய்யும் என்று
கீழே சிமென்ட்டைக் கேளுங்கள்.

இறங்கி,
ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த அடிக்கட்டியை
உளியால் நெம்பினேன்.
கருப்புத் தண்ணீர். ஒரு மண்புழு.
கட்டியின் முதுகில் பதிந்து
ஒரு கரண்டி.

தூர்லைஃப் கொல்லத்துக்காரன் அல்ல,
படகு மெக்கானிக்.
கைக்குக் கிடைத்ததை வைத்து
வழித்து வழித்துப் பூசியிருக்கிறான்.
கைக்குக் கிடைத்தது வெள்ளி.

ஹால்டிஸ் அதை வாங்கினாள்.
கட்டைவிரலால் தேய்த்தாள்.
கறுப்புக்குள் ஒரு பூவேலை தெரிந்தது.
"ஆறு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நான் உளியைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன்.
பிறகு சொன்னாள்:
அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்துபோனவள் ஆஸ்லாக்.
என் தங்கை.
பையைத் திறந்து காட்டு என்று நான்தான் கேட்டேன்.
காட்டினாள்.
அதற்குப் பிறகு ஸ்டூர்ட் தீவைத் தாண்டி
இந்தப் பக்கம் அவள் வரவில்லை.

மீதிச் சிமென்ட்டை நான் எடுக்கவில்லை.
அதன் விளிம்பைச் சுற்றி
மரம் தடித்த உதடு வளர்த்து வைத்திருக்கிறது.
பிடுங்கினால் கிழிவது மரம்தான்.
கீழே திறந்த வாய் வழியே
தண்ணீர் வெளியேறட்டும், போதும்.
சருகுகளை அள்ளாதீர்கள்,
அடிமரத்தில் ஒட்டக் குவிக்கவும் வேண்டாம்.
நவம்பரில் வந்து மறுபடி தட்டிப் பார்க்கிறேன்.

ரசீது எழுத உள்ளே போனபோது
கரண்டி கழுவப்பட்டு ஜன்னல் விளிம்பில் கிடந்தது,
ஐந்து இருக்கும் பெட்டிக்குள் அல்ல.
தொலைபேசியின் பக்கத்திலும் அல்ல.

வெளியே
எஸ்கிலின் கார் நகர்ந்திருந்தது.
நாலு அல்ல, இரண்டரை மீட்டர்.
சக்கரம் அழுத்திய பள்ளங்களில்
மழை உட்கார்ந்திருந்தது.