பெட்டி ஒன்பது, உறை நான்கு

ஷார்ஜாவில் வெளியே நாற்பத்தேழு.
உள்ளே, தாளுக்காக, பதினெட்டு.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
பல்கலைக்கழக நிலவறையில்
பேராசிரியர் தாணுமாலயனைப் பிரிக்கிறேன்.

அணுப்பொறியியல், இருபத்தேழு வருடம்.
பெட்டிகள் இருபத்திரண்டு.
வருடத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லையே என்று
மேலாளர் ஹிஷாம் உதட்டைப் பிதுக்கினார்.

முதலில் குண்டூசிகள்.
துருப்பிடித்ததை எல்லாம் உருவிவிட வேண்டும்,
தாளில் பழுப்பு ஓட்டை மட்டும் மிஞ்சும்.
ஒரு ஜாம் பாட்டில் நிறைந்துவிட்டது.

பாடக்குறிப்புகள்: ஒரே பாடம், இருபத்தேழு முறை.
முதல் வருடம் ஓரத்தில் பென்சிலால்
"இங்கே சிரிப்பார்கள்."
அடுத்த வருடம் அதை அடித்திருக்கிறார்.

மார்பில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சுப் பட்டைகள், ஒரு கட்டு.
ஆராய்ச்சி விடுப்பில் போன ஊர்களில் அணிந்தவை.
எதிலும் பூஜ்யத்தைத் தாண்டி அதிகம் இல்லை.
ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதற்கு
உலகத்தில் வேறு சான்றிதழ் கிடையாது.

விசா நகல்கள், மூன்று வருடத்துக்கு ஒன்று.
புகைப்படத்தில் தலைமுடி பாதியாகிறது,
பாதியில் பாதியாகிறது.
அரைவாழ்வுச் சூத்திரப்படி
அது ஒருபோதும் தீர்ந்துவிடக் கூடாது.
ஏழாவது படத்தில் தீர்ந்துவிட்டது.

வேலை முடிந்த முப்பதாம் நாள்
மனிதர் நாகர்கோவில் போய்ச் சேர்ந்தார்.
தாள்களுக்கு அந்த முத்திரை விழவில்லை.
அவற்றின் படிவத்தில், தங்கும் காலம் என்ற இடத்தில்,
நிரந்தரம் என்று நானே நிரப்பினேன்.
என்னுடையது அடுத்த ஏப்ரல் வரை.

பெட்டி ஒன்பது, உறை நான்கு.
கோடு போட்ட நோட்டு.
இரவு 11.20 — 38.9
1.05 — 39.6
2.40 — 39.4
4.00 — 38.7
இப்படிப் பன்னிரண்டு இரவுகள்.
அலகு இல்லை. தலைப்பு இல்லை. பகலே இல்லை.

நீச்சல்குளம் மாதிரி ஒரு வகை உலை உண்டு,
அதன் தண்ணீர் ஏறக்குறைய இந்தச் சூட்டில் இருக்கும் என்று
ஐந்தாம் பெட்டியில் அவரே எழுதியிருக்கிறார்.
ஆனால் இந்த வளாகத்தில் உலை இருந்ததே இல்லை;
வரவேற்பறையில் ஒரு மாதிரி, கண்ணாடிக்குள்,
பொத்தானை அமுக்கினால் நீல விளக்கு எரியும்.

பட்டியலில் தட்டினேன்:
"ஆய்வுத் தரவு. அடையாளம் தெரியாத சோதனை. முழுமையற்றது."
மனம் கேட்காமல் அவருக்கு ஒரு மெயிலும்.

ஒன்பது நாள் கழித்துப் பதில்:

"அன்புள்ள பெனிட்டா,
அது உலை இல்லை, என் மூத்தவள் வடிவு.
டைபாய்டு. மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு ஊரில்.
பகலில் எதிர் ஃபிளாட் ஃபௌசியா பார்த்துக்கொண்டார்,
நான் வகுப்பெடுத்தேன். இரவு என் முறை.
பிள்ளையை எப்படிப் பார்ப்பதென்று தெரியாது.
அளக்கத் தெரியும். அளந்தேன்.
வடிவு இப்போது மஸ்கட்டில் பல் டாக்டர்.
ஆகவே சோதனை முழுமையானதுதான்.
தயவுசெய்து திருத்தவும்."

எங்கள் தூத்துக்குடியில்
காய்ச்சல் என்றால் நூற்றிரண்டு, நூற்றுமூன்று.
முப்பத்தொன்பதுக்கு யாரும்
ஈரத்துணி நனைக்க மாட்டோம்.
நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
ஐந்தாம் இரவு 40.2.
அந்தப் புள்ளியில் மட்டும் பேனா
தாளைக் கிழித்திருக்கிறது.
குண்டூசி ஓட்டை என்று நினைத்திருந்தேன்.

தனிப்பட்டது, குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பு என்றார் ஹிஷாம்.
எழுதியவரே சோதனை என்கிறார், ஐயா, என்றேன்.
மெயிலை அச்செடுத்து உறைக்குள் வைத்தேன், குண்டூசி இல்லாமல்.

"முழுமையற்றது" என்பதை அழித்தேன்.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
"பகல் அளவீடுகள்: ஃபௌசியா. பதிவு இல்லை."

யார் இந்த ஃபௌசியா, எந்தப் பெட்டி என்று கேட்டார்.
எந்தப் பெட்டியிலும் இல்லை, என்றேன்.