குருகு இருந்த திசை

காலை நாலரை. மட்சாலு விரிகுடா.
இரவல் பூட்ஸுக்குள் என் கால் தனியாக நடக்கிறது.
பலகைப் பாதையில் ஏழு பேர்,
முன்னால் வீர்வே, உதட்டில் விரல் வைத்தபடி.

நாமக்கோழிகள் எட்டு. எண்ணி முடிப்பதற்குள் ஒன்பது.
பூனைப்பருந்து ஒன்று நாணல் மேல் தாழ்ந்து
எதையோ மறந்துவிட்டதுபோல் திரும்பி வருகிறது.

"கேளுங்கள், மீசைச்சிட்டு" என்கிறாள்.
உள்ளங்கைச் சில்லறை குலுங்குகிற ஒலி.
ஹெல்துர் கொஞ்சம் தாமதமாகத் தலையாட்டுகிறார்,
எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு.
மர ஆலையில் முப்பது வருடம்.
ரம்பம் முதலில் தின்றது
இந்த மாதிரிச் சின்னச் சத்தங்களைத்தானாம்.

அதற்கப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.
கொசு. ஃபிளாஸ்க் மூடி. யாரோ அடக்கிய தும்மல்.
தொலைநோக்கிகளை உறையில் போடத் தொடங்கியிருந்தோம்.

ஹெல்துர் கையை உயர்த்தினார்.
பலகையில் ஊன்றிய கால்களை அசைக்கவில்லை.

பிறகுதான் எங்களுக்குக் கேட்டது:
காலி ஜாடியின் வாயில் ஊதியதுபோல்,
நாணலின் அடிவயிற்றிலிருந்து
உம்ம்ப்.
அவர் விரல் அதற்குள் அங்கே நீண்டிருந்தது.

குருகைக் கடைசிவரை யாரும் பார்க்கவில்லை.
வீர்வே பட்டியலில் குறித்துக்கொண்டாள்,
பக்கத்தில் பென்சிலால் அவர் பெயரையும்.

திரும்பும் பேருந்தில்
ஜன்னல் கண்ணாடி அதிர அதிர
அதில் தலை சாய்த்துத் தூங்கினார்,
சேறு காயாத காலோடு.