தேய்ந்து முடியும் பாட்டுகள்

செவ்வாய் இரவு பத்து மணி.
டுலூத் நகரம். தூண்டில் கடையின் மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய சுவர்களுக்குள் நான்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு.
ஏரி ஓரத்தில் உறைகிற சத்தம்
மைக்கில் விழாது. என் முழங்காலில் விழும்.

பகலில் சாலைக்கு உப்பு தூவும் லாரி ஓட்டுகிறேன்.
வாரம் ஒரு ராத்திரி ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு
இரண்டு மணி நேரம் அதன்மேல் பாட்டு தூவுகிறேன்.
சம்பளம் இல்லை. காபி உண்டு.
பால் எப்போதும் தீர்ந்திருக்கும்.

'செவ்வாய்க்கிழமை' என்றே ஒரு வாரம் வைத்தேன்.
திங்களுக்கும் வெள்ளிக்கும் இருக்கிற மவுசு
அதற்கு இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது:
தேடியதில் ஏழு பாட்டு,
அதில் ஒன்றில் அது நாயின் பெயர்.

'குடை' வாரத்தில் டெல்ஃபின் கோவால்சிக் அழைத்தாள்.
"நாலாவது பாட்டில் அவன் பிடித்திருப்பது குடை இல்லை,
கைத்தடி. திரும்பக் கேள், ஆரின்."
கேட்டேன். கைத்தடிதான்.
ரொட்டிக் கூடத்தில் இரவு வேலை அவளுக்கு,
மாவு பிசையும் இயந்திரத்தின் தலையில் ரேடியோ.
ஆறு வருஷமாய் எனக்கிருக்கும் ஒரே எதிர்க்கட்சி.
முகம் தெரியாது. தும்மல் தெரியும்.

இன்றைக்கு: முடியாத பாட்டுகள்.
'அவ்வளவுதான்' என்று ஒரு தட்டு தட்டி எழுந்து போகாமல்
ஒரே வரியைப் பாடிப் பாடி
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி
கட்டெறும்பும் கதவிடுக்கில் போய்விடுகிற பாட்டுகள்.

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
யாரோ ஒரு விரல் பிடியை மெல்ல இறக்கியிருக்கும்.
அந்தப் பக்கம் அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.
போதும் என்று யார் போய்ச் சொன்னது?
சொல்ல மறந்திருந்தால்?"
இதை மைக்கில் சொல்லிவிட்டு
தொலைபேசியின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

பத்தரை. பதினொன்று.
ஒருவர் அழைத்தார். பாட்டு வேண்டாமாம்,
காரின் பேட்டரி செத்துவிட்டது, கேபிள் யாரிடமாவது இருக்குமா?
அறிவித்தேன். ஒன்பது நிமிஷத்தில் இரண்டு கேபிள் வந்ததாம்.

பதினொன்று நாற்பதுக்கு அவள்.
"அடுப்பு மக்கர். அதை விடு.
மூன்றாவது பாட்டு உன் பட்டியலில் சேராது. அது முடிகிறது.
கடைசியில் ஒரு டிரம் தட்டு இருக்கிறது.
அந்த இசைத்தட்டு என்னிடம் இருந்தது, விவாகரத்தில் போயிற்று.
நீ அதுவரை ஒருநாளும் விட்டதில்லை.
முந்தி வந்து உன் குரலை ஏற்றி உட்கார வைக்கிறாய்."

குற்றச்சாட்டு சரி.
மௌனம் வந்துவிடுமோ என்று ஓடிப்போய்க்
கதவைச் சாத்துகிற வாய் எனக்கு.
வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள்.

மறுபடி வைத்தேன்.
கையால், நிஜமாகவே கையால், வாயைப் பொத்திக்கொண்டேன்.
பாடகி போனாள். கிட்டார் போனது.
தாளம் ஒரு தெரு தள்ளி,
பிறகு ஓர் ஊர் தள்ளி.
ஊசியின் கரகரப்பு மட்டும்.
அதற்குள், அதோ,
டிரம்மா, நாற்காலியின் கிறீச்சா,
யாராவது எழுந்தார்களா

பதினைந்து விநாடி சத்தமில்லாவிட்டால்
நிலையம் செத்ததாக முடிவுகட்டும் பெட்டி ஒன்று
மூலையில் இருக்கிறது. விழித்துக்கொண்டது.
ஊர் முழுக்க என் குரலே, போன கோடையில் பதிந்தது:
தீயணைப்பு நிலையத்தில் ஞாயிறு காலை பான்கேக்,
பெரியவர்களுக்கு ஆறு டாலர்,
சிறுவர்கள் தட்டு கொண்டு வரவும்.

போனில் டெல்ஃபின் சிரிக்கிறாளா
மாவு இயந்திரம் ஓடுகிறதா, பிரிக்க முடியவில்லை.
"டிரம்," என்றாள்.
"நாற்காலி," என்றேன்.
"அடுத்த வாரம் என்ன சொல்?"
இன்னும் யோசிக்கவில்லை.

எந்தப் பொத்தானை அழுத்தியும் பெட்டி என்னை உள்ளே விடவில்லை.
நள்ளிரவு வரை கோடைக்கால நான் பான்கேக் விற்றேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினால்
தூண்டில் கடையில் புழுக்கள் வைத்திருக்கும் குளிர்பெட்டி
உறுமிக்கொண்டிருந்தது,
இறக்க ஒரு விரல் இல்லாமல்.