அறுபத்து நான்கில் ஒன்று

வல்பரைசோவில் கண்ணாடி அலமாரி வாங்கப் போனால்
கடைக்காரர் முதலில் கேட்பது
சுவரில் எத்தனை ஆணி தாங்கும் என்று.
நான்கு என்றேன்.
ஆறு அடித்துவிட்டுப் போனார்.

பகலெல்லாம் நான் ஓட்டுவது டிராலி பஸ்.
பச்சை, பன்னிரண்டு மீட்டர்.
தலைக்கு மேல் இரண்டு கம்பி விட்ட வழிதான் வழி.
வளைவில் கொம்பு கழன்றால்
கையுறை மாட்டி இறங்கி, கயிற்றை இழுத்து,
அண்ணாந்து நின்று திரும்பக் கம்பியில் கோக்க வேண்டும்.
பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும்.

வீட்டில் இருநூற்றுப் பதினாறு வண்டிகள்.
கம்பி இல்லை. ஓட்டுநர் இல்லை.
நகக்கண் அளவு ஸ்டியரிங்,
எதிரே யாரும் உட்காராத இருக்கை.
பால் வண்டி, ஆம்புலன்ஸ், சிமென்ட் கலக்கும் லாரி,
கதவு திறக்கும் ஒரு டாக்ஸி,
கதவு திறக்கும் என்று பெட்டியில் பொய் சொன்ன இன்னொரு டாக்ஸி.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எல்லோரும் சொல்வார்கள்:
சக்கரத்துக்கு அடியில் ஒரு பொட்டு களிம்பு வை, எர்சிலியா,
நிலம் நடுங்கினாலும் நகராது.
வைக்கவில்லை.
சக்கரம் பிறகு எதற்கு?

தம்பி நிபால்டோ வேறு கட்சி.
பெட்டியைத் திறக்கவே மாட்டான்.
அட்டை மடங்கக் கூடாது,
தொங்கவிடும் துளை கிழியக் கூடாது.
முந்நூறு வண்டி, முந்நூறும்
கடையில் தொங்கிய அதே கோலத்தில்.
"திறந்தால் பாதி விலை போச்சு" என்பான்.
"திறக்காவிட்டால் முழு வண்டியும் போச்சு" என்பேன்.
எங்கள் ஞாயிறுகள் இப்படி நன்றாகவே போயின.

குன்றில் தீப்பிடித்த அந்த பிப்ரவரியில்
தீயணைப்பு வண்டி படிக்கட்டுத் தெருவின் அடியில் நின்றுவிட்டது.
அதற்கு மேல் மனிதர்களும் நாய்களும் மட்டுமே போகலாம்.
குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.
குழாய் முடிந்தது.
படிகள் முடியவில்லை.
நிபால்டோ பூனையைத் தூக்கிக்கொண்டு
வெறுங்காலோடு இறங்கி வந்தான்.

மூன்றாம் நாள் சாம்பலைக் கிளறினோம்.
துத்தநாகம் சீக்கிரம் உருகும் என்று படித்திருக்கிறேன்,
பார்த்ததில்லை.
தரையின் பள்ளத்தில் முந்நூறும் ஒன்றாகி
ஆறிக் கிடந்தது ஒரு கட்டி.
விளிம்பில் மட்டும் ஒரு அச்சு நீட்டிக்கொண்டிருந்தது,
தைக்க மறந்த ஊசி மாதிரி.
என் குளியலறை எடைக்கருவியில் வைத்துப் பார்த்தான்.
ஒன்பது கிலோ.
"கடைசியில பெட்டியைத் திறந்துட்டாங்க" என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவனுக்கும்.
பிறகு சமையலறைக்குப் போனான்,
வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

இப்போது வடக்கே, பாலைவனச் சுரங்கத்தில்
தாது லாரி ஓட்டுகிறான்.
சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் அனுப்புவான்.
அதில் அவனைத் தேட வேண்டும்.

கட்டியை என்னிடமே விட்டுப் போனான்.
இரண்டாம் தட்டு, மேற்கு ஓரம்.
எந்த நடுக்கத்துக்கும் அது அசைந்ததில்லை.
களிம்பு கேட்காத ஒரே பொருள்.

மற்றவை அசைகின்றன.
விளக்கு ஆடி நின்றதும்
அளவுகோலோடு உட்காருவேன்.
பால் வண்டி, எட்டு மில்லிமீட்டர், டாக்ஸி மேல் மோதல், சேதமில்லை.
ஆம்புலன்ஸ், பின்னோக்கி.
அறுபத்து நான்கால் பெருக்கி
நிஜத் தூரத்தை நோட்டில் எழுதுவேன்:
அரை மீட்டர், ஒரு வாசல் அகலம், ஒன்றுமில்லை.
பிறகு பழைய இடத்திலேயே நிறுத்திவிடுவேன்,
சிவப்புத் தீயணைப்பு வண்டியைத் தவிர.

அது கிழக்கு முனையில் கிளம்பியது.
வீடு மேற்கே கொஞ்சம் சாய்ந்தது,
குன்றில் எல்லா வீடும் எதையாவது பார்த்துச் சாய்ந்ததுதான்.
ஆறு வருடம், பதினோரு நடுக்கம்.
ஏணியை மடக்கிக்கொண்டு, ஆளில்லாமல்,
ஒன்பது சென்டிமீட்டர் வந்திருக்கிறது.
விரலால் தள்ளினால் ஒரு நொடி வேலை.
விரல் வைத்ததும் உண்டு. எடுத்துவிட்டேன்.

நேற்றிரவு ஒன்று, சின்னது.
நாய்கள் மட்டும் எழுந்தன.
காலை ஷிஃப்டுக்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நான்கு மில்லிமீட்டர்.
கட்டிக்கு இன்னும் முப்பத்தோரு சென்டிமீட்டர்.
எழுதிவைத்தேன்.
இதை மட்டும் பெருக்குவதில்லை.